நிழலும் நமது கோரிக்கையே

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் நேர் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது. திருகோணமலைக்கு அது சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி வருகிறது. அதே நாட்களில்தான் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறோம். துறைமுகப் பக்கம் மூட்டை தூக்கவும் கட்டட வேலைக்கும் வந்த நம் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறையும் இல்லை.

மலையில் பார்க்காத வெயிலா என்று சிலர் கேட்கிறார்கள். சூடு வேறு, தோலையும் கண்ணையும் கெடுக்கும் புற ஊதாக்கதிர் வேறு. 1,000 மீற்றர் உயரம் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதை மறைக்காது. குளிராக இருக்கிறதே என்று நாம்தான் ஏமாந்து போகிறோம். கறுத்த தோல் ஓரளவு காப்புத்தான், ஆனால் கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. கண்புரைக்கு இந்தக் கதிரும் ஒரு காரணம்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்வோம்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையா, அப்படியானால் வெயில் கடுமை. ஏறக்குறைய காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை அப்படித்தான். அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தை மூட ஒரு துணி இருந்தால் பெரும்பகுதி தப்பலாம். முகம் கறுத்துவிட்டது என்று வெள்ளையாக்கும் கிறீம் பூச வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி வந்தால் உடனே வேலையை நிறுத்தி நிழலுக்குப் போங்கள். பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதெல்லாம் நம் தாய்மாருக்குத் தெரியாததல்ல. கிலோ குறைந்தால் அரைப்பேர். தண்ணீர் குடித்தால் ஒதுங்க மலையில் இடமில்லை, அதனால் குடிக்காமலே கொழுந்தெடுக்கிறார்கள். இந்த நிலையை வைத்துக்கொண்டு தொப்பி போடுங்கள் என்று மட்டும் எழுத எமக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் உழைக்கப் போகும் கட்டாரில் 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. பாலைவனத்தில் முடிவது இங்கே ஏன் முடியாது?

மலையில் நிழல் கொட்டகை, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும் நாளில் மதிய ஓய்வை நீட்ட வேண்டும், அதற்காகப் பேரை வெட்டக்கூடாது. தோட்டக் கமிட்டிகள் இவற்றை எழுத்தில் துரையிடம் கொடுத்து, ஒரு பிரதியை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.