நற்சாட்சிப் பத்திரம்

போன வருஷம் என் தமையனாரை இருதயக் கோளாறுக்காக நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தோம். பிழைத்தார். அதற்காக அங்கிருந்த டாக்டர்களை இன்றும் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஏழாம் நாள், வீட்டுக்குப் புறப்படும் வேளையில் நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியைக்கூட அண்ணா இன்னும் பிரிக்கவில்லை. பில் கணக்கும் தீரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் செல்போனோடு வந்து நின்றான். "ஐயா, நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. இன்ஸ்டாகிராமில் போடணும்" என்றான்.

அண்ணா என் பக்கம் திரும்பி, "சொல்லிடட்டுமா, தம்பி? மறுபடியும் இங்கேதானே வந்தாகணும்?" என்றார். சொன்னார். சாயங்காலத்துக்குள் சவரம் செய்யாத முகமும் பச்சை அங்கியுமாக அவரை ஊரே பார்த்துவிட்டது.

அவர் சம்மதித்துத்தானே பேசினார் என்று கேட்பார்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன். அடுத்த மாதம் அதே வாசலில் மருந்துச் சீட்டோடு நிற்க வேண்டியவன் தலையசைத்தால் அதற்குப் பெயர் சம்மதமா? பயத்தையும் நன்றியையும் கலந்து வாங்கிய சொல்லை விளம்பரமாக்குவது வைத்திய தர்மமாகுமா? அந்தக் காலத்தில் லேகியக்காரர்கள் நற்சாட்சிப் பத்திரங்களை அச்சடித்துப் போடுவார்கள். படித்தவர்களாகிய நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். இன்று குளிர்சாதன அறையிலிருந்து அதே பத்திரம் வருகிறது, நாமோ கைதட்டுகிறோம்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகளைத் தேடிப் படித்தேன். நேராகவோ மறைமுகமாகவோ நோயாளியை அழைக்கும் விளம்பரம் கூடாது என்கின்றன. ஒரு டாக்டர் பத்திரிகையில் அறிவிக்கக் கூடியவற்றுக்குச் சின்ன ஜாபிதா ஒன்றும் அதில் உண்டு. தொழில் தொடங்குவது, விலாசம் மாறுவது, விடுப்பில் போவது, திரும்பி வருவது, கட்டணம் இன்னது என்பது போன்றவைதான். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்கவும் வேண்டுமாம்.

2023 ஆகஸ்டு 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புது விதிகள் சமூக ஊடகத்துக்கென்றே சில கட்டளைகளை இட்டன. நோயாளியின் படம் கூடாது. அவரிடம் நற்சாட்சி கேட்கக் கூடாது. காசு கொடுத்து 'லைக்' வாங்கக் கூடாது. மருந்தின் பெயரை எழுதுவது முதலான வேறு ஷரத்துகளை டாக்டர்களின் சங்கங்கள் எதிர்க்கவே, அதே மாதம் 23-ஆம் தேதி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் நல்லதும் போயிற்று. பழைய விதிகளே திரும்பி வந்தன.

அந்தப் பழைய ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு சில ஆஸ்பத்திரிகளின் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். நர்ஸுகளின் நடனம் இருக்கிறது. கேக் வெட்டும் விழா இருக்கிறது. நன்றி சொல்லும் நோயாளிகள் வரிசையாக இருக்கிறார்கள். அறைக்கு எவ்வளவு, அறுவைக்கு எவ்வளவு, நாளைக்கு டாக்டர் வருவாரா என்பது மட்டும் இல்லை. சொல்லலாம் என்று விதி அனுமதித்ததைச் சொல்ல வாய் வரவில்லை!

டாக்டர்கள் ஊரோடு பேசவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2020-இல் கொரோனாவைப் பற்றி வாட்ஸப்பில் புரளிகள் பறந்தபோது, நாள் முழுவதும் உழைத்த களைப்போடு, எளிய தமிழில் உண்மையை எடுத்துச் சொன்ன டாக்டர்கள் உண்டு. அவர்கள் செய்தது தொண்டு. நோயைப் பற்றிப் பேசினார்கள். எந்த நோயாளியின் முகத்தையும் அதற்காகக் கடன் வாங்கவில்லை.

அண்ணா படுத்திருந்த ஆறு நாளும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் காத்துக் கிடந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம், அதுவும் நின்றபடியே, விவரம் சொன்னார்கள். உலகத்தோடு பேச நேரம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, வாசலில் நிற்கும் அண்ணியோடு பேச நேரம் இல்லையா? அந்தச் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்காருங்கள், ஐயா. நற்சாட்சி தானாக வரும். அதை நாங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம்.