மிருசுவில் கோப்பு சொல்லாதது

போர்க்குற்ற விசாரணையை ஆராய விரும்பும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது மிருசுவில் வழக்கு. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் தங்கியிருந்தவர்கள் தங்கள் வீடு வளவைப் பார்க்கத் தென்மராட்சியிலுள்ள மிருசுவிலுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் எட்டுப் பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுப் பாலகனும் ஒருவன். அடிவாங்கித் தப்பியோடிய ஒருவர் வந்து சொன்னதால்தான் புதைகுழி தெரிந்தது, உடல்கள் நீதவான் முன்னிலையில் தோண்டியெடுக்கப்பட்டன. அவர் தப்பியிராவிட்டால் வழக்கே இல்லை.

2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் இந்தக் கொலைகளுக்காக இராணுவ ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற நால்வர் விடுதலை. 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்த வேளை, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

பலரும் அந்த மன்னிப்போடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இந்த வழக்கு போர்க்குற்ற வழக்காக அல்ல, சாதாரணக் கொலை வழக்காகவே நடந்தது. போர்க்குற்றங்களில், தன் கீழுள்ள படைகளைக் கட்டுப்படுத்தத் தவறிய தளபதியும் குற்றவாளியே என்று ஜப்பானியத் தளபதி யமஷிதா வழக்கில் 1945இலேயே தீர்ப்பாயிற்று. அந்தக் கட்டளைப் பொறுப்பு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் ஏறவில்லை. ஆகவே கூண்டில் ஏறியவரை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அன்று அந்தப் பகுதி யார் பொறுப்பில் இருந்தது, அவர் ஏன் விசாரிக்கப்படவில்லை என்பதையும் ஆய்வாளர் கேட்டேயாக வேண்டும்.