வேரின் மணமா? வெறும் சாயமா?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இத்தாலி நாட்டுப் பளிங்கு பளபளக்கிறது. அந்த இத்தாலியில் எலுமிச்சைத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்து "லிமோன்செல்லோ" என்ற இனிப்பு மது செய்கிறார்கள். "சம்புகா" என்று இன்னொரு மது. அதற்கு மணம் தருவது எது தெரியுமா? காரைக்குடி அடுப்படியில் இருக்கும் அன்னாசிப்பூதான்!

மணத்துக்கு மது வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நன்னாரி வேர் இருக்கிறது. வேரைத் தட்டி, நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரைப் பாகு சேர்த்தால் சர்பத் தயார். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் கோடைத் தாகம் பறந்துவிடும்.

ஆனால், சில புட்டிகளில் வேருக்குப் பதில் எசென்சும் சாயமும் இருக்கின்றன. என்னென்ன சேர்த்தார்கள் என்பதைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் அதைப் படிக்கலாம். படித்த பிறகே காசு கொடுக்க வேண்டும். பிள்ளைகள் குடிப்பது வேர்ச் சாறா, சாயத் தண்ணீரா என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டாமா?