ஹாட் டிஸ்க் அடிக்கடி கோளாறு செய்கிறதா?



மகளின் நிகாஹ், பேரப்பிள்ளை பிடித்த முதல் நோன்பு, மௌத்தாகிப்போன வாப்பாவின் குரல். முன்பு அல்பத்திலும் கெஸட்டிலும் இருந்த இவையெல்லாம் இன்று உள்ளங்கை அளவான ஒரு ஹாட் டிஸ்க்கினுள் அடங்கிவிட்டன. அது ஒருநாள் திறக்க மறுக்கும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். நாமும் அலுமாரியில் வைத்துவிடுவோம். அடுத்த மாதம் மீண்டும் அதே கோளாறு.

திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஓர் எச்சரிக்கை. ஆகவே, டிஸ்க் திறந்திருக்கும் நேரத்திலேயே உள்ளே இருப்பவற்றை வேறோர் இடத்துக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். மறுபடி கிடைக்காத குடும்பப் படங்கள் முதலில். திருத்தும் வேலை அதற்குப் பிறகு.

பிரதி எடுக்கும்போதே தொடர்பு விட்டுவிட்டுப் போகிறதா? முதலில் வயரைச் சந்தேகியுங்கள். மடித்து மடித்து வைக்கும் வயர் உள்ளே நைந்துவிடும். நல்ல, நீளம் குறைந்த வேறொரு வயரை மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். சிறிய டிஸ்க்குகள் கொம்பியூட்டரிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி அம்பியர்தான் தரும், 3.0 துளை 900 வரை தரும். பல துளைகளுள்ள ஹப்பில் மாட்டாமல் கொம்பியூட்டரில் நேரடியாக மாட்டுங்கள்.

பெரிய கல்யாண வீடியோவை மட்டும் ஏற்க மறுத்தால் டிஸ்க் பழுதென்று எண்ண வேண்டாம். எப்.ஏ.டி. 32 என்ற முறையில் அமைந்த டிஸ்க், 4 ஜீ.பீ.க்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது.

வேலை முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்த பின்பே கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதும், திடீரென மின்சாரம் தடைப்படுவதும் உள்ளே உள்ள பதிவைக் குழப்பிவிடும்.

சில வேளை, "போர்மட் செய்தால்தான் பாவிக்கலாம்" என்று திரையில் வரும். பதற்றத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டாலோ, உடனே நிறுத்திவிடுங்கள். ஓட ஓடச் சேதம் கூடும்.

கடைக்குக் கொடுப்பதிலும் கவனம் தேவை. அந்நியர் பார்க்கக்கூடாத நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருக்கும். நம்பகமானவரிடம், கணவரோ மகனோ சகோதரரோ கூட இருக்கும்போது வேலையை முடித்துக்கொள்வது நல்லது. எல்லா டிஸ்க்கிலும் ஒரு கடவுச்சொல்லைப் போட்டு வைத்தால் இன்னும் நிம்மதி. ஆனால் அந்தச் சொல்லை மறந்தால் நமக்கும் திறக்காது. எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். போனில் உள்ளதை டிஸ்க்கில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்தால், டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. அது போனால் எல்லாம் போயிற்று. இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை உம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ரமழானுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் நாட்களில் இரண்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டக் கற்றவர்கள் நாம். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய இந்த நினைவுகளும் நம் கையில் உள்ள அமானிதமே. இன்றைக்கே அந்த இரண்டாவது பிரதியை எடுத்துவிடுங்கள்.