எல்லோருக்கும் ஒரே சாவி

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், வலையமைப்பு ஆளிகள் அனைத்துக்கும் ஒரே கடவுச்சொல்தான் இருந்தது. பத்திரிகையின் பெயரோடு அது தொடங்கப்பட்ட ஆண்டையும் சேர்த்தால் கடவுச்சொல் கிடைத்துவிடும். (சுவிட்ச் என்பதையே நமது பாடநூல்கள் ஆளி என்கின்றன, பெயர் பொருத்தந்தான்.) கணினிப் பிரிவினர், அச்சகப் பொறுப்பாளர், வெளியிலிருந்து திருத்த வருபவர், வேலையை விட்டுச் சென்ற இருவர் என எட்டுப் பேருக்கு அது தெரிந்திருந்தது. “எல்லோரும் நம்மவர்தானே” என்றார் முகாமையாளர்.

ஓர் இரவு, பக்கங்கள் அச்சுக்குப் போகும் வேளையில் ஆசிரியபீடத்தின் இணைப்பு அறுந்தது. யாரோ ஆளியின் அமைப்பை மாற்றியிருந்தார்கள். பதிவில் இருந்த பெயர் ‘அட்மின்’. எட்டுப் பேருக்கும் அதுவே பெயர். பதற்றத்தில் ஆளியை அணைத்து மீண்டும் இயக்கினார்கள். அதன் நினைவகத்தில் இருந்த அந்தப் பதிவும் போயிற்று.

பத்திரிகை பிந்துவது எனக்குப் பெரிதல்ல. ஆளியில் முழு அதிகாரம் பெற்றவர், ஒரு செய்தியாளரின் கணினிக்கு வந்துபோகும் தரவு முழுவதையும் வேறோர் இணைப்பு வாயிலுக்குப் பிரதிசெய்யும்படி இரண்டொரு கட்டளைகளில் பணித்துவிடலாம். உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், எந்த நேரத்தில் எந்தத் தளத்தோடு தொடர்பு நிகழ்ந்தது என்பது தெரிந்துவிடும். தகவல் தந்தவரின் பெயரை நீதிமன்றத்திலும் சொல்லமாட்டோம் என்று மேடையில் முழங்குகிறோம். அலுவலகத்திலோ அவரைத் தேடும் வழியை எட்டுப் பேருக்குத் திறந்து வைத்திருக்கிறோம். தகவல் தருபவர் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்த நாடு இது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. சிஸ்கோ ஆளிகளில் 0 முதல் 15 வரை அதிகார நிலைகள் உண்டு. 1 பார்ப்பதற்கு, 15 எதையும் மாற்றுவதற்கு, இடைப்பட்டவற்றை நாமே வகுக்கலாம். ஒப்புநோக்குநர் எழுத்துப்பிழையைத் திருத்துவார், முதற்பக்கத் தலைப்பை மாற்றமாட்டார் என்பதைப் பத்திரிகைக்காரருக்கு விளக்கவும் வேண்டுமா? ஆனாலும் எல்லோருக்கும் 15!

இதைக் கண்டிக்கும்போது சிலர், அப்படியாயின் ஒருவரிடமே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அதுவும் ஆகாது. சான் பிரான்சிஸ்கோ நகரின் வலையமைப்புப் பொறியியலாளர் டெரி சைல்ட்ஸ் 2008 யூலையில் கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்துக் கைதானார். சிறைக்கு வந்த மேயர் கவின் நியூசத்திடமே அவற்றைக் கொடுத்தார். 2010இல் அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒரு நகரத்தின் சாவியை ஒருவர் கையில் விட்டுவைத்திருந்த நிருவாகத்தினர் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேண்டியது ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர், வேலைக்கு ஏற்ற அதிகாரம், ஆளிக்கு வெளியே வேறொரு கணினியில் சேரும் பதிவு. உள்நுழைவை ரேடியஸ் வழங்கி சரிபார்க்கும். கட்டளைக்குக் கட்டளை அனுமதி வேண்டுமெனில் டக்காக்ஸ். ஒருவர் விலகினால் ஓரிடத்தில் அவர் பெயரை நீக்கினாற் போதும். வழங்கி விழுந்தால் என்ன செய்வது என்பார்கள். அதற்கென ஆளியிலேயே ஓர் அவசரக் கணக்கு, அதன் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில், உறை பெட்டகத்தில். பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. ஃபிரீரேடியஸ் இலவச மென்பொருள்.

இவற்றை அன்று எழுதியே கொடுத்தேன். கடவுச்சொல்லை மாற்றினார்கள். புதியதை ஒரு தாளில் அச்சிட்டு, ஆளி இருந்த அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார்கள்.