எல்லைச் சாலைத் தொழிலாளர்

இமயத்தின் பனிமலைகளிடையே இந்திய சர்க்காரின் எல்லைச் சாலை ஸ்தாபனம் ஆற்றிவரும் பணியை நம் வாசகர்கள் அறிவார்கள். 1960-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி தோன்றிய இந்த ஸ்தாபனம், தேசத்தின் எல்லையோரங்களில் சாலைகளும் பாலங்களும் அமைத்து அவற்றைப் பராமரித்தும் வருகிறது. லடாக்கில் உம்லிங் லா கணவாயின் மீது 19,024 அடி உயரத்தில் அது சாலை போட்டிருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்காகப் பனியால் அடைபட்டுக் கிடந்த லாஹூல் பள்ளத்தாக்கு மக்களுக்கு, 2020-ம் வருஷம் அக்டோபரில் திறக்கப்பெற்ற 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையின் மூலம் வழி பிறந்தது. இவை தேசம் பெருமை கொள்ளத்தக்க காரியங்கள் என்பதில் ஐயமில்லை.

உழைப்பினால் எல்லாம் கைகூடும் என்பது அந்த ஸ்தாபனம் பூண்டிருக்கும் வடமொழி வாசகத்தின் பொருள். வாசகம் மிக நன்று. ஆனால் உழைப்பு தானே வானத்திலிருந்து இறங்கி வருவதன்று. உழைப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் கதி என்ன என்று கேட்பது நமது கடமையாகும்.

இந்த ஸ்தாபனத்தின் நிரந்தர ஊழியர்கள் ஜெனரல் ரிசர்வ் என்ஜினீயர் படையைச் சேர்ந்தவர்கள். இவர்கள் ஆயுதப் படைகளின் அங்கமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1983-ல் தீர்ப்பளித்தது. இவர்களோடு தோளோடு தோள் நின்று பாறை பிளப்பவர்களும், பனி வாருபவர்களும், கல் சுமப்பவர்களும் தினக்கூலித் தொழிலாளர்கள். ஜார்க்கண்டின் தும்கா முதலிய இடங்களிலிருந்து, சமவெளியில் பிறந்து வளர்ந்த ஏழைகள், மூச்சு முட்டும் உயரங்களுக்கு வயிற்றுப்பாட்டுக்காக வருகிறார்கள். வேலை ஒன்று, ஆபத்தும் ஒன்று, அந்தஸ்து மட்டும் வேறு.

இந்தப் பேதம் எவ்வளவு தூரம் சென்றதென்பதற்கு ஓர் உதாரணம் போதும். வேலையில் மாண்ட நிரந்தர ஊழியரின் சடலத்தைச் சர்க்கார் செலவில் அவர் ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். கூலித் தொழிலாளி மாண்டால் அந்த வசதி கிடையாது. 2023-ம் வருஷம் செப்டம்பரில்தான் இவ்வசதி அவனுக்கும் வழங்கப்பட்டது. அதுவரையில் ஈமச் செலவுக்கென்று கொடுக்கப்பட்ட தொகை ரூ.1,000! அப்போதுதான் அது ரூ.10,000 ஆயிற்று. 2024 ஜனவரியில் ரூ.10 லட்சத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் திட்டமும் அங்கீகரிக்கப்பட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஸ்தாபனம் தோன்றி அறுபது வருஷங்களுக்கு மேல் கடந்த பிறகே இந்நீதி கிடைத்தது என்பதை மறக்க இயலவில்லை.

மேலும், இறந்தபின் அளிக்கும் பணத்தைவிட இறவாமல் காப்பதே மேலானதல்லவா? 2025-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மானா கிராமத்தில், சாலையின் பனியகற்றும் வேலைக்கென இரும்புப் பெட்டி அறைகளில் தங்கியிருந்த 54 தொழிலாளர் பனிச்சரிவில் புதையுண்டார்கள். இராணுவத்தினரும் பிறரும் அரும்பாடுபட்டு 46 பேரை மீட்டார்கள். 8 பேர் மாண்டார்கள். பனிச்சரிவு நேரலாமென்ற எச்சரிக்கை முந்தின நாளே அந்த ஜில்லாவுக்கு வெளியிடப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்து என்ன பயன்? மலையடியில் உறங்குபவனை எழுப்பி அப்புறப்படுத்தினாலன்றோ அது எச்சரிக்கையாகும்?

வேலை பருவத்துக்குரியது, ஆகையால் ஆட்களும் தற்காலிகமானவர்களே என்று உத்தியோகஸ்தர்கள் சமாதானம் கூறலாம். இச்சமாதானம் நமக்குத் திருப்தி தரவில்லை. பனி வருஷந்தோறும் பெய்கிறது; சாலை வருஷந்தோறும் இடிகிறது; ஆட்களும் வருஷந்தோறும் அழைக்கப்படுகிறார்கள். நிரந்தரமான தேவைக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். நேரில் அமர்த்தப்பட்டவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்ற பேதமின்றித் தொழிலாளி ஒவ்வொருவனின் பெயரும் பதிவாக வேண்டும். தரகர் கைபடாமல் கூலி அவனுடைய பாங்குக் கணக்குக்கே சேரவேண்டும். 2020-ல் ஜார்க்கண்ட் சர்க்கார் தன் மக்களுக்காக இதைத்தான் கோரியது. பனிச்சரிவுக்கு இலக்கான இடத்தில் குடியிருப்பு அமைக்கலாகாது. எச்சரிக்கை வந்தவுடன் முகாமைக் காலி செய்யும் பொறுப்பு, பெயர் குறித்து ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பல வருஷம் உழைத்தவனுக்கு முதுமைக் காலத்தில் ஆதரவு வேண்டும்.

எல்லையைக் காக்கும் சிப்பாயைத் தேசம் போற்றுகிறது; போற்றவே வேண்டும். அச்சிப்பாய் நடக்கும் சாலையைப் போட்டவனும் தேசத்தொண்டனே. இதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் சர்க்காரும் உணர்வார்களாக. உழைப்பினால் எல்லாம் கைகூடும் என்ற வாசகம், உழைப்பவனுக்கும் ஏதேனும் கைகூடும்போதுதான் மெய்யாகும்.