நாம் காணாத ஆசிரியை

ஆசிரியர் தினத்தன்று நமக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களுக்கு மலர் கொடுக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம், வாழ்த்து எழுதித் தருகிறோம். செய்ய வேண்டியதைத்தான் செய்கிறோம். ஆனால் ஒரு நாளும் நம் வகுப்புக்குள் வராமல், நம் பெயரைக்கூட அறியாமல், தம் வாழ்க்கையாலேயே நமக்குப் பாடம் நடத்திச் சென்றவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரை இந்த ஆண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தான் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படுபவர்.

நம் பாடத்திட்டத்தில் பத்திரிகைத் துறை என்று ஒரு பாடம் கிடையாது. ஆனால் அந்தத் தொழிலின் முக்கியமான கருவி இன்று அருப்புக்கோட்டைத் தெருக்களிலும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. செல்போனில் இருக்கும் காமிராவைத்தான் சொல்கிறோம். கருவி வந்துவிட்டது, அதைக் கையாளச் சொல்லித் தருகிற ஆசிரியர்தான் வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார வைக்கத் தகுந்தவர் ஹோமாய் அம்மையார் என்பது எங்கள் கருத்து.

அம்மையார் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி குஜராத்தில் நவ்சாரி என்னும் ஊரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் குழுவில் நடிகர். குடும்பத்தில் வசதி இல்லை. பம்பாயில் மெட்ரிகுலேஷன் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பிறகு ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தார். காமிராவைக் கையாளக் கற்றுக் கொடுத்தவர் மானெக்‌ஷா. பின்னாளில் அவரையே மணந்து கொண்டார். 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகை அவருடைய முதல் படங்களை வெளியிட்டது. பெண்கள் சிலர் உல்லாசப் பயணம் சென்றபோது எடுத்த படங்கள் அவை. படம் ஒன்றுக்குக் கிடைத்த கூலி 1 ரூபாய்.

அடுத்த செய்தியைக் கேட்டால் நமக்கு வருத்தமாக இருக்கும். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே அச்சாயின. பெயர் அறியாத ஒரு பெண் எடுத்த படத்தை யார் மதிப்பார்கள் என்ற காலம் அது. ஆயினும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1942-இல் டில்லிக்குச் சென்று, அங்கே பிரிட்டிஷ் தகவல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேலை கட்டிக்கொண்டு, கனமான காமிராவையும் மற்ற சாமான்களையும் சுமந்தபடி சைக்கிளில் டில்லித் தெருக்களைச் சுற்றினார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். காமிராவை வைத்து விளையாடுகிறார் என்று எண்ணி அவரைப் பொருட்படுத்தாதவர்களும் இருந்தார்கள். அந்த அலட்சியத்தையே வாய்ப்பாக மாற்றிக்கொண்டு தம் வேலையைச் செய்தார்.

வரலாற்றுப் பாடத்தில் நாம் தேதிகளை மனப்பாடம் செய்கிறோம். அவரோ அந்தத் தேதிகளில் அங்கேயே நின்றார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் நம் கொடி ஏறியதையும், 1948-இல் மவுண்ட்பேட்டன் பிரபு நாட்டை விட்டுப் புறப்பட்டதையும், 1956-இல் தலாய் லாமா சிக்கிம் வழியாக இந்தியாவுக்குள் வந்ததையும், 1961-இல் எலிசபெத் ராணியார் வருகை தந்ததையும், 1964-இல் நேருஜியின் இறுதி ஊர்வலத்தையும் அவர் படம் பிடித்தார். தமக்கு 'டால்டா 13' என்று ஒரு புனைபெயரும் வைத்துக்கொண்டார். பிறந்த ஆண்டு 1913; கணவரை முதன்முதலில் சந்தித்தது 13 வயதில்; காரின் எண் டி.எல்.டி. 13. பெரிய மனிதர்களுக்கு நடுவே நாளெல்லாம் நின்றவருக்கு இப்படிச் சிரிக்கவும் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு படம் தவறிப்போனதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டார். மறுநாள் இருவரும் சேர்ந்து போகலாம் என்று கணவர் அழைக்கவே திரும்பிவிட்டார். அன்றுதான் அண்ணல் சுடப்பட்டார். அதே நாளில் சற்று முன்னால் அண்ணலைச் சந்தித்துப் படம் எடுத்துச் சென்றவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். நம் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் மறைந்தபோது அங்கே இருந்தவரும் இவரே. இப்படி ஒரு படம் கிடைப்பதும் தவறுவதும் சில சமயம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் அவசரம் மிகுதி. அந்த அவசரத்தில் மரியாதையைத் தொலைக்காமல் இருந்தார் என்பதே அம்மையாரின் பெருமை.

இதற்குச் சான்று அவர் தொழிலை விட்ட விதம். கணவர் மறைந்தபின், 1970-இல், அவர் காமிராவைக் கீழே வைத்தார். அப்போது அவருக்கு 60 வயதுகூட ஆகவில்லை. தம் காலத்துப் படக்காரர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது என்றும், உடையில்கூட ஒரு கண்ணியம் பார்த்தார்கள் என்றும், ஒருவரையொருவர் மதித்தார்கள் என்றும் அவர் பின்னாளில் சொன்னார். புதிதாக வந்தவர்களிடம் அது குறைந்து, விரைவாகப் பணம் பண்ணும் எண்ணம் வளர்ந்ததைக் கண்டு மனம் வெறுத்தார். அதற்குப் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் தொழிலுக்குத் திரும்பவில்லை. 2011-இல் அரசு பத்ம விபூஷண் விருது கொடுத்தது. 2012 ஜனவரி 15-ஆம் தேதி, 98-ஆம் வயதில், வதோதரா நகரில் காலமானார்.

அவர் எடுத்த படங்கள் நமக்கு ஒரு பாடம் என்றால், எடுக்க மறுத்த அந்த 40 ஆண்டுகள் இன்னொரு பாடம். இரண்டாவது பாடம்தான் இன்று நமக்கு அதிகம் தேவை.

நம் ஊர்ப்பக்கம் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் ஒரு விபத்து நடந்தால், தூக்க வருகிற கைகளுக்கு முன்னால் செல்போன்கள் நீள்கின்றன. இழவு வீட்டில் தலைவிரி கோலமாக அழும் ஒரு தாயைப் படம் எடுத்து, அந்தத் தாயின் கண்ணீர் காய்வதற்குள் ஊர் முழுவதும் அனுப்பிவிடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் வெடித்துக் கிடக்கும் கண்மாயைப் படம் எடுக்க எங்கிருந்தோ வருகிறார்கள். குடத்தைச் சுமந்து வரும் ஒரு பாட்டியை நிறுத்தி, "இப்படித் திரும்புங்க, சிரிக்காதீங்க" என்கிறார்கள். அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்பதில்லை. படம் வந்த பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டுவதும் இல்லை. வறட்சி நமக்கு உண்டு; மறைக்கவில்லை. ஆனால் வறட்சி மட்டுமே நமக்கு முகவரி ஆகிவிடலாமா?

இந்த இடத்தில் பெற்றோர்கள் குறுக்கிட்டு, "அதனால்தான் பெண்பிள்ளை கையில் செல்போன் வேண்டாம் என்கிறோம்" என்று சொல்லக்கூடும். உங்கள் அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பெண்ணின் படம் ஒன்று தவறான கையில் சிக்கினால் பழி அந்தப் பெண்ணின் மேல்தான் விழுகிறது. எடுத்தவனைக் கேட்பவர் குறைவு. ஆனாலும் நாங்கள் பணிவோடு ஒன்றைக் கேட்கிறோம். தவறு செய்பவன் கையில் காமிரா இருக்கும்போது, செய்யாதவள் கையிலிருந்து அதைப் பிடுங்குவதால் என்ன பயன்? கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று பயந்து எத்தனை நாள் கிணற்றடிக்கே விடாமல் இருப்பது? நீச்சல் கற்றுக்கொடுப்பதல்லவா நல்லது? 1930-களில் ஒரு பெண் காமிராவோடு தெருவுக்கு வந்தபோதும் ஊர் பேசத்தான் செய்திருக்கும். மானெக்‌ஷா கற்றுக் கொடுத்தார், ஹோமாய் கற்றுக்கொண்டார். அதனால் நாட்டுக்கு ஒரு வரலாறு கிடைத்தது.

கற்றுக்கொண்டால் எதைப் படம் எடுப்பது? இதற்கு வழிகாட்ட இன்னொருவர் இருக்கிறார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள். அருட்சகோதரிகள் தொடங்கிய மும்பை சோபியா கல்லூரியில் பல ஆண்டுகள் மாணவிகளுக்கு இதழியல் கற்பித்தவர். 1990-களில் நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்து, மிளகாய் விவசாயிகள் தரகர்களிடம் படும் பாட்டை எழுதினார். 1985 வரை நம் பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1993 முதல் 2002 வரை 10 மாநிலங்களில் கிராமத்துப் பெண்களின் உழைப்பைப் படம் எடுத்து ஒரு கண்காட்சியாக வைத்தார். உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, உழைக்கும் பெண்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அதன் கருத்து. அதைப் பெரிய மண்டபங்களோடு நிறுத்தாமல் பேருந்து நிலையங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் வைத்தார். படத்தில் இருப்பவர்களைப் போன்ற மக்களே பார்க்க வேண்டும் என்பதற்காக!

அந்தக் கண்ணோடு பார்த்தால் நம் வானம் பார்த்த பூமியில் படங்களுக்கா பஞ்சம்? விடிவதற்குள் மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும் அக்காமார், களத்தில் வத்தல் காயப்போடும் அத்தைகள், தறி வீட்டில் தார் சுற்றும் பாட்டிமார், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டு, புகையில் கண் சிவந்து வீடு திரும்பும் அம்மாக்கள், முதல் பஸ்ஸில் பஞ்சாலைக்குப் போகும் பெண்கள். நம்மில் பலருடைய பள்ளிக் கட்டணம் இந்தக் கைகளிலிருந்துதான் வருகிறது. இந்தக் கைகள் எந்த மலரில் அச்சாகியிருக்கின்றன? ஆண்டு மலரில் விருந்தினர் படமும் பரிசு வாங்கும் படமும் வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு இந்தக் கைகளுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்கிறோம்.

ஆகவே நம் பள்ளியில் ஒரு செய்திப் படக் குழு தொடங்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். ஆசிரியை ஒருவர் பொறுப்பில், பள்ளிக்குச் சொந்தமான ஒரே ஒரு காமிரா போதும். ஆளுக்கொரு செல்போன் கேட்கவில்லை. குழுவுக்குச் சில விதிகளையும் நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். கேட்காமல் யாரையும் படம் எடுப்பதில்லை. வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் காமிராவை இறக்கிவிடுவது. அவர் சம்மதித்தால் படத்தின் கீழே அவர் பெயரையும் ஊரையும் செய்யும் வேலையையும் எழுதுவது. அழுகிறவரையும் அடிபட்டுக் கிடப்பவரையும் எடுப்பதில்லை. முதலில் கை கொடுப்பது. படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பது. பிறர் படத்தை அவர் அனுமதியின்றி எவருக்கும் அனுப்புவதில்லை. எடுத்த மாணவியின் பெயரையும் படத்தோடு தவறாமல் போடுவது. இந்தக் கடைசி விதி ஹோமாய் அம்மையாருக்காகவே எழுதியது. அவர் படங்கள் ஒருகாலத்தில் வேறு பெயரில் வந்தன அல்லவா? இனி எந்தப் பெண்ணுக்கும் அப்படி நேர வேண்டாம்.

இதனால் படிப்புக் கெடும் என்று சிலர் நினைக்கலாம். ஒரு பாட்டியிடம் அவர் பெயரையும் வேலையையும் கேட்டு, நான்கு வரியில் பிழையில்லாமல் எழுதுவதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சி எது? மூட்டம் எத்தனை நாள் எரிகிறது, ஒரு மூட்டை கரிக்கு என்ன விலை, வெட்டிய பெண்ணுக்கு என்ன கூலி என்று விசாரித்து எழுதினால் அதுவே கணக்கும் சமூக அறிவியலும் ஆகிவிடாதா?

மறைந்த ஆசிரியருக்கு மாலை போட்டு, படத்துக்கு விளக்கேற்றுவது எளிது. அவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்து காட்டுவதுதான் கடினம். அதுதான் உண்மையான நினைவு. அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் பெற்றோர்களும் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு மலரிலேயே ஒரு பக்கம் மாறும். அதில் ஒரு மிளகாய்க் காட்டுப் படம் இருக்கும். கீழே இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று உழைத்தவர் பெயர், மற்றொன்று அதை மரியாதையோடு பார்த்த மாணவியின் பெயர்.

— பத்தாம் வகுப்பு மாணவி